விளாங்குடி வீட்டு ஓவன்

போன மாதம் எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் மெஷினின் கதவு திறக்கவில்லை. கம்பெனியிலிருந்து வந்த பையன் மெஷினின் முகப்பில் மினுங்கிய எழுத்தைப் பார்த்தான், செல்போனில் எதையோ தட்டினான், "டோர் லாக் போயிருச்சு சார்" என்றான். பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினான். என் மனைவி டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

நானும் சர்வீஸ் மெக்கானிக்தான் என்று சொன்னேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம். "எரர் கோடெல்லாம் இல்லாம எப்படி சார் கண்டுபுடிப்பீங்க? நீங்க பாத்ததுலயே கஷ்டமான லாக் எது?" என்று கேட்டான். சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டேன். அவன் போன பிறகு மெஷினுக்குள் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். நாற்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் அப்படித்தான். அவனுக்குச் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் டி. கல்லுப்பட்டி பக்கம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, வேலை தேடி மதுரைக்கு வந்தேன். ஆரப்பாளையத்தில் தனபால் அண்ணன் வைத்திருந்த ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, வெந்நீர் ஹீட்டர். முதல் சில வருடங்கள் அவ்வளவுதான்.

தனபால் அண்ணன் ஒரு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஒரு வீட்டுக்குப் போனால் நேராக மெஷினிடம் போகமாட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். அதை மெதுவாகக் குடித்தபடியே மெயின் எங்கே இருக்கிறது, ஒயர் எந்த வழியாக வருகிறது, தரை ஈரமா என்றெல்லாம் பார்த்துக்கொள்வார். பிறகு, "கடைசியா இதத் தொட்டது யாரு?" என்று கேட்பார். சிலருக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. திருட்டுக் கேஸ் விசாரிப்பதுபோல இருக்கும். ஆனால் பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

அடுத்தது மெயின். ப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிடுங்கிய பிறகும், இரண்டு ஒயர் நீட்டிய பல்பான டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்க்காமல் எதையும் தொடமாட்டார். இந்த டெஸ்ட் லாம்ப் வேலை எனக்கு முதலில் கோழைத்தனமாகத் தெரிந்தது. பிறகு ஒரு லாட்ஜில் நான் பார்த்தேன். ஹீட்டருக்குள் அண்ணன் கை இருந்தது. ரூமில் ஃபேன் ஓடவில்லை என்று யாரோ கீழே போய் மெயினைத் தூக்கிவிட்டுவிட்டார்கள். அண்ணன் சுவரில் போய் விழுந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் அதன் பிறகு சரியாக மடங்கவில்லை. அதுவரை மெயினை இறக்குவதோடு சரி, அன்றைக்குத்தான் ப்யூஸ் கட்டை பைக்குள் போனது.

வாடிக்கையாளரிடம் "சரியாயிரும்" என்றும் அவர் சொன்னதில்லை. "பாக்கலாம்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

எண்பதுகளின் தொடக்கத்தில் விளாங்குடியிலிருந்து ஒரு பேராசிரியர் கடைக்கு வந்தார். சாமுவேல் என்று பெயர். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டு, குடும்பத்தோடு திரும்பியவர். வரும்போது அங்கே பயன்படுத்திய ஓவனையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். அதுதான் ரிப்பேர்.

அப்படி ஒரு சாமானை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. மேலே நான்கு மின்சார அடுப்பு. கீழே பீரோ மாதிரி ஓவன், கதவில் கண்ணாடி. பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பலகையில் வரிசையாக, கையால் திருப்பும் குமிழ்போன்ற திருகுகள். அந்த ஓவனைத் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. ஒரு திருகைச் சுத்தம் செய்யும் இடத்துக்குத் திருப்பினால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். பிறகு சமைக்கிற சூட்டைப்போல இரண்டு மடங்கு சூடேறி, உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதையும் சாம்பலாக்கிவிடும். ஆறிய பிறகுதான் பூட்டு திறக்கும். நடுவில் யாராலும் திறக்க முடியாது. திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதால் அந்தப் பாதுகாப்பு.

எங்களைக் கூப்பிட்ட அன்று ஓவன் சுத்தமாகி, ஆறி, ஜில்லென்று இருந்தது. பூட்டு மட்டும் திறக்கவில்லை. நான் கதவைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காத மாப்ள. உள்ள ஒரு சத்தம் வருது, கேளு" என்றார் அண்ணன்.

காதை வைத்தேன். வண்டு முனகுவதுபோல ஒரு சத்தம். பூட்டைத் திருப்பும் சின்ன மோட்டார் அது. அமெரிக்க மோட்டார் என்பதால் நம் கரண்டைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்க ஒரு ட்ரான்ஸ்பார்மர் வைத்திருந்தார்கள். சாயங்காலமானால் விளாங்குடியில் வோல்டேஜ் இறங்கிவிடும். பாதியிலும் பாதி போனால் மோட்டாருக்குத் திருப்பத் திராணி இல்லை, முனகத்தான் முடிந்தது. மறுநாள் காலையில் வோல்டேஜ் ஏறியதும் கதவு தானே திறந்துகொண்டது. அந்த மோட்டார் ஒரே பக்கமாகத்தான் சுற்றும், அரைச் சுற்றில் பூட்டும், அடுத்த அரைச் சுற்றில் திறக்கும் என்பதை அன்று அண்ணன் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். "சுத்தம் பண்றத காலையில வச்சுக்கங்க டீச்சர்" என்று பேராசிரியரின் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தோம். அவர் பெயர் கிரேஸ். பள்ளிக்கூட ஆசிரியை.

ஒரு வருடம் போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம், கரண்ட் கட் ஆகிக் கடைக்குள் இருட்டிக்கொண்டு வந்த நேரம். பேராசிரியரின் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். வண்டியை அணைக்கவே இல்லை.

"அண்ணே, உடனே வாங்க. ஓவனுக்குள்ள புள்ள மாட்டிக்கிருச்சு."

எனக்குப் புரியவில்லை. "என்ன மாட்டிக்கிருச்சு?" என்றேன்.

"புள்ளைங்க! சாரோட சின்னப் பையன். உள்ள ஒக்காந்து வெளையாடிருக்கான். அக்காக்காரி கதவச் சாத்தி திருகத் திருப்பிட்டா. பூட்டிக்கிருச்சு. அந்நேரம் கரண்டு போயிருச்சு, தொறக்க மாட்டேங்குது."

அண்ணன் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் பறந்துவிட்டார். நான் அண்ணனின் ஸ்கூட்டரை ஓட்ட, அவர் பின்னால் பையோடு உட்கார்ந்தார். பாதி தூரம் அவர் பையைத் துழாவிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரே ஒரு யோசனைதான் ஓடியது. திருகு எந்த இடத்தில் இருக்கிறதோ. பூட்டிய உடனே சூடேறுவதுதான் அந்த ஓவனின் வேலை. கரண்ட் போனதால்தான் அது நின்றிருக்கிறது.

திண்டுக்கல் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு சைக்கிள் கடையில் ட்யூப்லைட் மினுக்கி மினுக்கி எரிந்தது. அடுத்து ஒரு பலசரக்குக் கடை. பிறகு தெருவிளக்கு. கரண்ட் வந்துவிட்டது.

அண்ணனின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. "மெயின ஆஃப் பண்ணிருப்பாங்கல்ல?" என்றார். "அந்த ஆளுகிட்ட கேக்கலையே. கேக்காம விட்டுட்டமே மாப்ள."

முன்னால் போனவரின் வண்டி கண்ணிலேயே படவில்லை. நான் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக முறுக்கினேன். அந்த ஸ்கூட்டர் அதற்கு மேல் போகாது. மற்ற நாளில் வெளிச்சம் வந்தால் ஊரே கைதட்டும். அன்றைக்கு ஒவ்வொரு விளக்கு எரியும்போதும் அது திரும்ப அணைந்துவிடாதா என்று பார்த்தேன்.

தெருவுக்குள் திரும்பினோம். எல்லா வீட்டிலும் விளக்கு. பேராசிரியர் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. அண்ணன் என் முதுகில் நெற்றியை வைத்து மூச்சு விட்டது எனக்குத் தெரிந்தது.

பேராசிரியர் வாசலில், மெயின் பெட்டிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் ப்யூஸ் கட்டைகள். "கரண்ட் போன உடனேயே பிடுங்கிட்டேன். நான் இங்கேயே நிக்கிறேன். யாரும் கிட்ட வரக்கூடாது" என்றார். அவர் செய்ததில்தான் பிள்ளையின் உயிர் இருந்தது.

அண்ணன் அன்றைக்குத் தண்ணீர் கேட்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனார்.

அங்கே அரிக்கேன் விளக்கு இரண்டு. தெருக்காரர்கள் நான்கைந்து பேர். ஒருவர் கையில் கடப்பாரை. கிரேஸ் டீச்சர் ஓவன் கதவில் முகத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன உள்ளங்கை தெரிந்தது. ஜோயல் என்று பெயர், மூன்று வயது. அழுது அழுது குரல் கீச்சென்று ஆகியிருந்தது.

"ஒதுங்குங்கண்ணே, கண்ணாடிய ஒடைச்சிருவோம்" என்றார் கடப்பாரைக்காரர்.

"ஒடைச்சா புள்ள மேலதான் கொட்டும். மூணு அடுக்குக் கண்ணாடி அது" என்றார் அண்ணன்.

"அப்ப நெம்பிருவோம்."

"நெம்புனா கொக்கி வளைஞ்சு இறுகிரும். அப்புறம் ஆராலயும் தொறக்க முடியாது. கொஞ்சம் பொறுங்க."

சொல்லிக்கொண்டே மேலே இருந்த நான்கு அடுப்பில் பின்வரிசை வலதுபக்கத்துச் சுருளைப் பிடித்துத் தூக்கினார். கீழே இருந்த கிண்ணத்தையும் எடுத்தார். அதற்கடியில் ஒரு ஓட்டை. ஓவனின் ஆவி வெளியேறும் குழாய். நான் மறந்தே போயிருந்தேன். அதன் வழியாகப் பிள்ளையின் அழுகை பளிச்சென்று கேட்டது.

"டீச்சர், காத்து இதுவழியாப் போகுது. மூச்சு முட்டாது. இங்க வாய வச்சுப் பேசுங்க. பேசிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க."

டீச்சர் எழுந்து அந்த ஓட்டையில் குனிந்தார். வகுப்பில் பேசுவதுபோலப் பேசினார்.

"குட்டி, அம்மா மேல இருக்கேன். நம்ம தெருவுல எத்தன நாய் இருக்கு? ஒவ்வொண்ணாச் சொல்லு பாப்போம்."

கொஞ்ச நேரம் விம்மல். பிறகு, "மணி" என்று குழாய் வழியாக வந்தது.

"மணி. அப்புறம்?"

"கறுப்பன்."

நாங்கள் வேலையைத் தொடங்கினோம். ஓவனைப் பின்னால் இழுத்தால் மோட்டாரை நேராகக் கழற்றிவிடலாம். ஆனால் போன வருடம் நாங்கள் வந்துபோன பிறகு கொத்தனார் இரண்டு பக்கமும் கடப்பைக் கல் வைத்துச் சிமெண்ட் பூசி இறுக்கியிருந்தார். அசையவில்லை. மேல்தட்டைத் தூக்கினேன். மேலே புதிதாக அடித்திருந்த அலமாரிப் பலகை இடித்தது. நான்கு விரற்கடை இடைவெளிதான். கையை விட்டால் பூட்டின் கம்பி தட்டுப்பட்டது, மோட்டாரும் தட்டுப்பட்டது. திருப்புளியை நேராக வைக்க இடமில்லை. வெறும் கையால் கம்பியைத் தள்ளிப் பார்த்தேன். மோட்டாரின் பல்சக்கரம் விடவில்லை.

அண்ணன் பின்பலகையைத் திறந்தார். திருகு இருக்க வேண்டிய இடத்தில் மொட்டைத் தண்டு மட்டும் இருந்தது. அக்காக்காரி திருப்பிய வேகத்தில் திருகு கழன்று வந்திருக்கிறது. தண்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்ல வழியில்லை.

"ஜோயல்? அப்புறம் என்ன நாய்?" என்று டீச்சர் கேட்டது காதில் விழுந்தது. பதில் இல்லை. "குட்டி? அம்மாகிட்ட சொல்லு." பதில் இல்லை. கண்ணாடியில் இருந்த கையையும் காணோம்.

டீச்சர் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். "தனபால், சரியாயிருமா?"

"எடுத்துருவோம்மா" என்றார் அண்ணன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை, பயம்தான் கூடியது.

பிறகு வாசலில் நின்ற பேராசிரியரிடம் போனார். நானும் போனேன்.

"சார், கையால முடியல. மோட்டாரு சுத்துனாத்தான் பூட்டு தொறக்கும். அதுக்குக் கரண்டு குடுக்கணும்."

"உள்ள ஜோயல் இருக்கான்" என்றார் பேராசிரியர், எங்களுக்குத் தெரியாததுபோல.

"சூடாக்குற காயிலுக்குப் போற ஒயரு எல்லாத்தையும் வெட்டிருதேன். திருகுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாமப் பண்ணிருதேன். ட்ரான்ஸ்பார்மர்லருந்து நேரா பூட்டு மோட்டாருக்கு மட்டும் குடுப்பேன்."

"ஒண்ணுகூட விட்டுப்போகாதா? நிச்சயமா?"

அண்ணன் திரும்பி நடந்தார். உள்ளே வந்து, காயிலுக்குப் போகும் தடித்த ஒயர்களை ஒவ்வொன்றாகக் கட்டிங் பிளேயரால் வெட்டினார். வெட்டிய முனைகளை எதிரும் புதிருமாக வளைத்து வைத்தார். பேட்டரியில் கட்டிய சின்ன பல்பை வைத்து, எங்காவது தொடர்பு மிச்சமிருக்கிறதா என்று ஒவ்வொரு வழியாகப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். பிறகு, காயில் பக்கம் போகும் ஒயர்களின் செம்பு முனைகளைச் சேர்த்துத் தன் இடது கையில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே!" என்றேன்.

"காயிலுக்குக் கரண்டு போனா எனக்குத் தெரியாமப் போகாது" என்றார். "நீ கம்பியப் பாத்துக்க. தொறந்த உடனே நிறுத்துன்னு சொல்லணும். தாண்டிருச்சுன்னா திரும்பப் பூட்டிக்கிரும்."

வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "சார், கட்டையப் போடுங்க."

ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்தோம். ஒரு தகப்பன் எப்படிப் போடுவார்? நானாக இருந்தால் போட்டிருக்கமாட்டேன். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், அடுத்து இன்னொன்று. சமையலறை விளக்கு எரிந்தது. மங்கலாக, மஞ்சளாக. வோல்டேஜ் இறங்கியிருந்தது.

நான் அண்ணனின் இடது கையைப் பார்த்தேன். அது அசையவில்லை. வலது கையில் பிளேயரால் பிடித்திருந்த ஒயரை மோட்டாரின் முனையில் வைத்தார். அந்த முனகல் வந்தது. அதே வண்டுச் சத்தம். கம்பி நகரவில்லை.

"தள்ளு மாப்ள" என்றார்.

விரலால் கம்பியை முன்னால் அழுத்தினேன். முனகல் கூடியது. தகடு விரலை அறுத்தது அப்போது தெரியவில்லை. இன்னும் அழுத்தினேன். கம்பி ஒரு நெல் அளவு நகர்ந்தது. பிறகு சட்டென்று கையைவிட்டு ஓடியது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

டீச்சர் கதவை இழுத்தார். திறந்துகொண்டது.

ஜோயல் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தான். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. டீச்சர் வாரி எடுத்தபோது தலை தொங்கியது. பிறகு அவன் முகத்தைச் சுளித்தான், கண்ணைத் திறக்காமலே அம்மாவின் கழுத்தில் கையைப் போட்டான். தூங்கியிருக்கிறான். அழுது களைத்துத் தூங்கிப்போயிருக்கிறான்.

பேராசிரியர் ஓடி வந்தார். டீச்சர் பிள்ளையைத் தடவித் தடவிப் பார்த்தார். கெண்டைக்காலில் கை நின்றது. அங்கே சிவப்பாக ஒரு கோடு. ஓவன் தரையில் இருக்கும் காயில் பட்ட இடம். கரண்ட் போவதற்கு முன் காயில் சூடாகத் தொடங்கியிருக்கிறது. அதைப் பார்த்ததும் கடப்பாரைக்காரர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

அண்ணன் ஒயர்களை விட்டுவிட்டு, ப்யூஸைத் திரும்பப் பிடுங்கச் சொன்னார். பிறகு சுற்றிலும் பார்த்தார். "மூத்த பாப்பா எங்க?" என்றார்.

அதுவரை யாருக்கும் அவள் நினைவு வரவில்லை. பியூலா, ஏழு வயது. வீடு முழுக்கத் தேடினார்கள். பின்வாசலில் துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அண்ணன்தான் முதலில் பார்த்தார். கிட்டே போய்த் தரையில் குந்தினார். நான் அரிக்கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி வெளிய வந்துட்டான்" என்றார்.

அவள் நிமிரவில்லை. "செத்துட்டானா மாமா?" என்றாள்.

"இல்லம்மா. தூங்குறான்."

"நான்தான் திருப்புனேன். கேக் செய்யிற மாதிரி வெளையாடுனோம்." மூடியிருந்த கையைத் திறந்தாள். திருகு உள்ளே இருந்தது. பிடித்த பிடியில் அதன் வரிகள் உள்ளங்கையில் பதிந்திருந்தன.

அண்ணன் அதை வாங்கிக்கொண்டார். விளக்குப் பக்கம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ திருப்புனதால ஒண்ணும் ஆகல பாப்பா. இந்த ஓவன்ல பூட்டு ரிப்பேர். போன வருசமே நாங்க வந்து பாத்தோம். அது தானாப் பூட்டிக்கிரும். நீ திருப்பாட்டியும் பூட்டிக்கிரும். என்ன மாப்ள?"

"ஆமா" என்றேன். "பூட்டு ரிப்பேர்."

பேராசிரியர் என் பின்னால் வந்து நின்றிருந்தார். அவருக்குத் தெரியாதா? அந்தப் பூட்டில் ஒரு குறையும் இல்லை. "ஆமாம்மா. மாமா அப்பவே சொன்னாங்க. அப்பாதான் சரி பண்ணாம விட்டுட்டேன்" என்று சொல்லி மகளைத் தூக்கிக்கொண்டார். அப்போதுதான் அவள் அழுதாள்.

அண்ணன் அந்த இரவே ஓவன் கதவைக் கீலோடு கழற்றி, ஸ்கூட்டரில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். மிச்சத்தைப் பிறகு கொத்தனாரை வைத்துப் பெயர்த்தார்கள். அன்றிரவு திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். டீயை வாங்கினார், குடிக்க முடியவில்லை. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "அந்தப் புள்ளைகிட்ட பொய் சொல்லிட்டேன்னு நெனைக்கியா?" என்று கேட்டார்.

"பூட்டு நல்லாத்தான இருந்துச்சு அண்ணே."

"உள்ள ஆரு இருக்கான்னு பாக்காமப் பூட்டுற பூட்டு என்ன நல்ல பூட்டு?" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி அவர் பேசியதில்லை. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வரவேற்பில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தாள். பியூலா. கூடவே மகள், பக்கத்தில் உயரமாக ஒரு ஆள். ஜோயல். அவனுக்கு எதுவும் நினைவில்லையாம். அவள் என்னைக் காட்டித் தன் மகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா சொல்வேன்ல, அமெரிக்கா ஓவன், அதுல பூட்டு ரிப்பேராகி உங்க மாமா மாட்டிக்கிட்டான்னு. அப்ப வந்து எடுத்து விட்டது இவங்கதான். எப்படி அங்கிள், தானாவே பூட்டிக்கிருச்சுல்ல?"

"ஆமாம்மா" என்றேன். "ரொம்ப மோசமான பூட்டு."